வெங்காயத்தாமரைக்குக் கரைவலை போட்டவன்

தலத்தெருவில் நான் கட்டிய ஓட்டுவீடு எத்தனையோ புயலைப் பார்த்துவிட்டது. ஒரு ஓடு நழுவியதில்லை. வீட்டுக்குப் பின்னால் உப்புப் பூத்த தரையில் தென்னை வைத்தேன். இந்த மண்ணில் விளக்குமாறுகூட நிற்காது என்று தெருவே சிரித்தது. இப்போது அதே தெரு என்னிடம் இளநீர் கேட்டு வருகிறது. மராமத்து வேலையில் நான் நின்று கட்டிய மூன்று மதகுகளில் இன்றைக்கும் பலகையை இறக்கினால் சொட்டு கசியாது. சந்தேகம் இருப்பவர்கள் போய்க் கையை வைத்துப் பார்க்கலாம். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். ஒருத்தி தலைமையாசிரியை, மற்றவள் அந்தத் தலைமையாசிரியையை அதட்டுகிறவள். நானோ மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. கையெழுத்துப் போடக் கற்றபோது எனக்கு மீசை வந்துவிட்டது. அப்பா இல்லை, சொத்து இல்லை, சிபாரிசு இல்லை. இருந்தது இரண்டு கை, ஒரு வாய். வாய் கொஞ்சம் கூடுதல் என்பார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் கை இரண்டும் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இத்தனை கட்டியும், என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால் இவற்றில் எதையும் சொல்ல மாட்டேன். அது ஒரே ஒரு நாள் வேலை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மழைக்கு முன்னால் பூவத்துப் பக்கம் வடிகாலில் வெங்காயத்தாமரை எடுக்க ஒரு பொக்லைன் வந்தது. வந்த வேகத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதைத் தூக்க இன்னொரு பொக்லைன் வந்தது. வேடிக்கை பார்க்கப் போன என்னை இளைய ஓவர்சியர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, மெஷின் இல்லாத காலத்துல இதையெல்லாம் எப்படிங்க எடுத்தீங்க?"

"வலை போட்டு எடுத்தோம் தம்பி."

"என்னாங்க ஐயா, மீனா அது?"

கூட இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, உட்கார்ந்த பொக்லைனையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் ஓய்வூதியர் சங்கத்தார் தங்கள் மலருக்கு அந்தக் கதையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழையை என் பெரிய பெண் திருத்துவாள். விஷயத்தைத் திருத்த அவளுக்கு அனுமதி கிடையாது.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷங்கள் அவை. பதினாறு வயதில் மராமத்து ஆபீசில் அளவுச் சங்கிலி பிடிக்கும் கூலியாகச் சேர்ந்தேன். சங்கிலி பிடித்தேன், முளைக்குச்சி அடித்தேன், மண் சுமந்தேன், மதகுப் பலகை மாற்றினேன். ஐந்து வருஷம் அப்படி ஓடியது. எல்லாரும் கற்றதைத்தான் நானும் கற்றேன். கொஞ்சம் சீக்கிரமாகக் கற்றேன், அவ்வளவுதான்.

எங்கள் மேலதிகாரி புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். பேர் லூயி. நாங்கள் முசியே என்போம். ஆள் அவர் குடையைப் போலவே ஒல்லி, கறுப்பு, நேர். குரலை உயர்த்த மாட்டார். சந்தோஷமாக இருந்தால் 'நீர்' என்பார், சாதாரணமாக இருந்தாலும் 'நீர்' என்பார். 'நீங்க' என்று ஆரம்பித்தால் அன்றைக்கு யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

வெங்காயத்தாமரையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீரில் மிதக்கும் செடி. இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், பூ ஊதா. பூவைப் பார்த்து மயங்கி யாரோ குளத்தில் விட்டார்கள், அது வாய்க்காலுக்கு வந்தது, வாய்க்காலைத் தின்றது. அதன் குணத்தை எங்களுக்குப் புரியவைக்க முசியே ஒரு காரியம் செய்தார். தம் மேசையில் வெள்ளை எனாமல் பேசின் ஒன்றை வைத்து, அதில் ஒரே ஒரு செடியை விட்டார். திங்கட்கிழமைதோறும் கூலிக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் வந்து அதை எண்ண வேண்டும்.

முதல் திங்கள் ஒன்று. அடுத்த திங்கள் பக்கத்தில் தண்டு விட்டு இன்னொன்று. குடை நுனியால் காட்டுவார்.

"இது அம்மா. இது பொண்ணு. அங்க வருது பாரும், பேத்தி."

ஒன்றரை மாதத்தில் பேசினில் தண்ணீர் தெரியவில்லை. செடிகள் விளிம்பைத் தாண்டி அவருடைய காகிதக் கட்டை எட்டிப் பார்த்தன.

"ஒரு துண்டை விட்டா ஒரு வம்சத்தை விட்டீர்" என்றார். அதுதான் எங்கள் பாடப்புத்தகம். வேறு பாடம் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

வேலைமுறை இது. அரிவாளை நீள மூங்கிலில் கட்டி, மிதக்கும் கூட்டத்தைப் பாய் அளவுக்கு அறுக்க வேண்டும். இரண்டு பேர் கழியால் தள்ள, இரண்டு பேர் கரையிலிருந்து கொக்கியால் இழுக்க வேண்டும். கரையேறியதை வேர் மேலே, இலை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். நேராக வைத்தால் ஒரு மழைக்கு அங்கேயே வேர் பிடித்து, அடுத்த மழைக்கு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்கே திரும்பிவிடும். முசியே கடைசியில் கரையோரம் நடந்து வருவார். விரல் நீளத் துண்டு ஒன்று மிதந்தாலும் குனிந்து எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, அந்த இடத்தில் வேலை செய்த ஆளிடம் நீட்டுவார்.

"இது உம்முடையது."

வாங்கிக்கொண்டவன் ஒரு வாரம் தலை நிமிர மாட்டான். நான் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். மறைக்க மாட்டேன்.

இனி அந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

பூவத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு வடிகால் ஓடியது. வயல்களில் தேங்கும் மழைத்தண்ணீரை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. தெற்குக்கரை பிரெஞ்சு எல்லை, வடக்குக்கரை இந்தியா. நாற்பதடி அகலத் தண்ணீர்தான், ஆனால் கடக்க வேண்டுமானால் பாஸ் வேண்டும். அந்தப் பக்கம் சுங்கச் சிப்பாய் ஒருவர் கீற்றுக் கொட்டகையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கத்திலிருந்து போகும் எதையும் வெளிநாட்டுச் சரக்கு என்று பிடிப்பது அவர் உத்தியோகம்.

அந்த வடிகாலையொட்டி என் அக்கா செல்லம்மா நிலம் பிடித்திருந்தாள். அம்மா அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள். அவள் புருஷனும் சின்ன வயதிலேயே போய்விட்டார். பொம்பளைக்கு எப்படிக் குத்தகை விடுவது என்று இழுத்த நிலக்காரர், "ஒரு சம்பா பார்க்குறேன். வெளைஞ்சா நெலம் உங்கிட்ட இருக்கட்டும். வெளையலன்னா தையிலயே வேற ஆளு" என்று சொல்லித்தான் கொடுத்தார். அக்கா அந்தச் சம்பாவுக்குப் பெற்ற பிள்ளைக்குப் படுகிற மாதிரி பாடுபட்டாள்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டும் வயல் தண்ணீர் இறங்கவில்லை. வடிகாலில் வெங்காயத்தாமரை கரைக்குக் கரை பாய் விரித்திருந்தது. மேலே கொக்கு நடந்து போகும், கால் நனையாது. பயிர் நுனிவரைக்கும் முங்கிக் கிடந்தது. முங்கின பயிர் நான்கு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் அழுகிவிடும்.

முதல் நாள் நாங்கள் பதினாறு பேர் இறங்கினோம். அறுத்துக் கரையேற்ற நேரமில்லை என்று, எங்கள் கரையோரத்துக் கூட்டத்தையெல்லாம் கழி போட்டு எதிர்க்கரைக்குத் தள்ளினோம். எங்கள் பக்கம் பளிச்சென்று தண்ணீர் தெரிந்தது. முசியே வரவில்லை; எங்கள் மேஸ்திரி 'எடுத்தாயிற்று' என்று எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். மறுநாள் காலை வந்து பார்த்தால் எங்கள் பக்கம் மறுபடியும் நிறைந்து கிடந்தது. மறுபடியும் தள்ளினோம். மூன்றாம் நாளும் அதே கதை.

அந்த மூன்றாம் நாள் மதியம் அக்கா வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தாமரைக்கு நடுவில், எந்த வீட்டிலிருந்தோ வெள்ளத்தில் வந்த ஒரு நடைவண்டி, குழந்தை ஓட்டும் மர வண்டி, சிக்கி நிமிர்ந்து நின்றது.

"டேய் தம்பு, அந்த நடவண்டி காலையில எங்கடா இருந்துச்சு?"

"நம்ம கரையில. தள்ளிட்டோம்."

"நேத்து சாயந்தரம்?"

"அந்தக் கரையில இருந்துச்சு."

"நேத்து காலையில?"

நான் கழியைக் கீழே வைத்தேன்.

"மூணு நாளா அந்த வண்டிக்கு நடை பழக்குறீங்கடா நீங்க!"

எதிர்க்கரையில் இந்தியப் பக்கத்துக் கூலிக்காரர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி காத்தமுத்து, தொண்டை பெரிய ஆள். அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே! நாங்க போனப்புறம் நீங்க இதை என்ன பண்ணுறீங்க?"

"உங்க பக்கம் தள்ளுறோம்! வேற என்ன பண்ண? எங்க ஆபீசுக்கு முந்தாநாளே முடிஞ்சுதுன்னு எழுதிட்டோமே!"

"நாங்களும் எழுதிட்டோம்!"

அவர் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு தேசத்துக் கூலிக்காரர்களும் சிரித்தார்கள். இரண்டு சர்க்கார் காகிதத்திலும் வடிகால் சுத்தம். வடிகாலில் ஒரு இலைகூட கடல் பக்கம் நகரவில்லை. சிரிக்காதவள் அக்கா ஒருத்திதான்.

"ரெண்டு கரைன்னு நெனச்சா இப்படித்தான்டா. கடலுக்கு ஏது ரெண்டு கரை? அங்க தள்ளுங்கடா" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். முங்கிக் கிடந்த ஒரு பயிரைத் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

கடலுக்குத் தள்ளுவது சொல்வதுபோல் இல்லை. ஒரு மைலுக்கு மேல் தூரம். கழியால் ஒரு மூலையைத் தள்ளினால் மறு மூலை திரும்பும். கடல் ஏறும் நேரத்தில் தண்ணீரே பின்னால் வரும், தள்ளினது அத்தனையும் கூடவே வரும். ஒரே இறக்கத்தில், கடல் வாங்குகிற அந்தச் சில மணி நேரத்துக்குள், கரைக்குக் கரை ஒரே வீச்சில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாற்பதடி விளக்குமாறு எங்கே கிடைக்கும்?

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எனக்கு, வேறு யாருக்கும் இல்லை. மண்டபத்தூர் கரையில் கரைவலை இழுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, அதன் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுக்கும். இரண்டு கூட்டம், இரண்டு கயிறு! எங்களிடம் இரண்டு கரை, இரண்டு கூட்டம் தயாராக இருக்கிறது. ஓடினேன்.

மண்டபத்தூரில் பக்கிரி அண்ணனின் வலைதான் பெரிசு. மழைக்காலம், கடலுக்குப் போகவில்லை. வலையைக் கொட்டகையில் போட்டு அதன் மேலேயே படுத்திருந்தார்.

"அண்ணே, வலை வேணும்."

"என்ன மீனு?"

"வெங்காயத்தாமரை."

எழுந்து உட்கார்ந்தார். "குடிச்சிருக்கியா தம்பி?"

"இல்லண்ணே. அந்தப் பக்கத்து மேஸ்திரிகிட்ட உங்க வலையைப் பத்திச் சொன்னேன். சிரிக்கிறாரு. கடல்வலை கடலுக்குத்தான் லாயக்கு, தழைக்கு முன்னாடி கிழிஞ்சிடும்ங்கிறாரு."

காத்தமுத்து அப்படிச் சொல்லவில்லை. வலையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அந்தப் பொய் என்னுடையது. அதையும் என் பேரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

"யாரு சொன்னது? என் வலையா? கட்டுமரத்தோட சேத்து இழுத்த வலைடா இது! ஏய், எழுந்திரிங்கடா எல்லாரும்!"

மறுநாள் காலை, நான்காம் நாள், பக்கிரி அண்ணன் ஆட்களோடு வலை வந்து இறங்கியது. முசியேயும் வந்து இறங்கினார். என் யோசனையை மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்தார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"தம்புசாமி, எல்லைக்குக் குறுக்கால வலை போடணும்னா புதுச்சேரிக்கு எழுதணும். அவங்க அந்தப் பக்கத்துக்கு எழுதுவாங்க. பதில் வர மார்கழி ஆகும்."

"பயிருக்கு இன்னைக்கு ஒரு நாள்தாங்க டைம், முசியே."

குடையை விரித்தார். ஒரு புளியமரத்தடிக்குப் போய், வடிகாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

"நான் சாப்பிடப் போறேன். சாப்பிடும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மெதுவாத்தான் சாப்பிடுவேன்."

அந்த மனிதர் அன்று சாப்பிட்டது ஐந்து மணி நேரம்.

வலையை அப்படியே போட முடியாது. அதன் மேல்கயிற்றில் இருக்கும் மிதவைக்கட்டைகள் சின்னவை. தழைக்கூட்டம் அழுத்தினால் உள்ளே போய்விடும், கூட்டம் வலைக்கு மேலே ஏறித் தப்பிக்கும். என்ன செய்யலாம் என்று பக்கிரி அண்ணன் தாடையைச் சொறிந்தார். மழையில் சாய்ந்த வாழைமரங்கள் கொல்லைக்குக் கொல்லை கிடந்தன. "மேல்கயித்துல வாழமரத்தைக் கட்டுங்கண்ணே, வரிசையா" என்றேன். கட்டினோம். தண்ணீருக்கு மேலே முழ உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. அடிக்கயிற்றில் இருந்த எடைக்குண்டுகளில் பாதியை அவிழ்க்கச் சொன்னேன், சேற்றில் மாட்டாமல் இருக்க. இந்த இரண்டையும் எந்தப் பொறியியல் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அப்போது எனக்குத்தான் படிக்கவே தெரியாதே.

காத்தமுத்துவிடம் இங்கிருந்தே கத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டு, கயிற்றின் ஒரு நுனியை எதிர்க்கரைக்கு எறிந்தோம். காத்தமுத்து பிடிக்கப் போனார். கொட்டகையிலிருந்து சுங்கச் சிப்பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"யோவ், நில்லு. அது அந்தப் பக்கத்துக் கயிறு. வெளிநாட்டுச் சரக்கு."

"கயிறுங்க ஐயா."

"கயிறும் சரக்குதான்."

காத்தமுத்து ஓடிப்போய்த் தம்முடைய வண்டிக்கயிறுகளை முடிந்து கொண்டுவந்தார். "இது நம்ம ஊரு கயிறுங்க. இதை வச்சு இழுக்கலாம்ல?"

"அதுல என்ன கட்டியிருக்கும்?"

"வலைங்க. ஆனா வலை கரை ஏறாதுங்க. தண்ணியிலயேதான் இருக்கும்" என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

சிப்பாய் யோசித்தார். "முடிச்சு?"

"நடுத்தண்ணியிலங்க!"

"நடுத்தண்ணி யாருது?"

கேட்டவரே கரை நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "சரி. ஆனா கயித்தை நான் கண்காணிப்பேன். கூடவே வருவேன்" என்றார். கூடவே நடந்தார். நூறடி போவதற்குள், கயிறு நழுவுகிறதா என்று பார்க்க ஒரு கை வைத்தார். இருநூறடியில் இரண்டு கையும் வைத்தார். அப்புறம் துப்பாக்கியை ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு எல்லாரையும்விட ஓங்கி இழுத்தார்.

நான் நின்றது நடுத்தண்ணீரில். நான்கு வாழைமரத்தைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், கையில் ஒரு மூங்கில். இரண்டு கரையும் ஒரே அடியாக நடந்தால்தான் வலை நேராகப் போகும். ஒரு கரை முந்தினால் வலை சாயும், சாய்ந்த பக்கம் தழை கொட்டும். பக்கிரி அண்ணன் ஆட்கள் ஏலேலோ போட, எதிர்க்கரை பதில் போட, நான் நடுவில் நின்று மூங்கிலை ஆட்டினேன். "இந்தியா, மெதுவா! பிரான்சு, வேகமா!" என்று நான் போட்ட சத்தத்துக்கு இரண்டு சர்க்காரும் அப்படியே கீழ்ப்படிந்தன. அதற்கு முன்னாலும் பின்னாலும் யாருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

தழைக்கூட்டம் நகர்ந்தது. மூன்று நாள் ஊஞ்சலாடிய நடைவண்டி முன்னால் போனது, ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிற மாதிரி. வரப்புகளில் ஜனம் கூடிவிட்டது. நான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டேன்.

கும்பிட்டிருக்கக் கூடாது. மூங்கிலை விட்ட அந்த நொடியில், தண்ணீருக்குள் கிடந்த ஏதோ ஒரு பழைய மரத்தில் வலை மாட்டி நின்றது. என் தெப்பம் நிற்கவில்லை. முன்னால் பாய்ந்து, முடிச்சு அவிழ்ந்து, நான்கு வாழைமரமும் நான்கு பக்கம் போனது. நான் கீழே போனேன். மேலே தழை மூடிக்கொண்டது.

அந்தத் தழைக்கு அடியில் எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இருட்டாக இருக்கும். வேர்கள் கறுப்பு முடி மாதிரித் தொங்கி முகத்தை மூடும். கையை மேலே உயர்த்தினால் எங்கும் தழை, தள்ளினால் வழிவிடாது, பிடித்தால் கையோடு வரும். பயந்தேன். இதை எழுதும்போது என் பேரன் பேத்திகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அக்காவின் பயிர் மூன்று நாளாக இப்படித்தானே மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குமேல் எதுவும் ஞாபகம் இல்லை.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித் தெரியும். பக்கிரி அண்ணன், "நம்ம கயித்தை விடுங்கடா! வடக்க இழு! வடக்க இழு!" என்று கத்தினாராம். எதிர்க்கரை மட்டும் இழுக்க, வலை ஒரு பக்கமாகச் சுழன்று மரத்திலிருந்து விடுபட்டது. சிப்பாயும் காத்தமுத்துவும் மூச்சைப் பிடித்து இழுத்த இழுப்பில், வலை மடியில் ஒரு வண்டித் தழை, இரண்டு கெண்டை, ஒரு தண்ணீர்ப்பாம்பு, நான். எல்லாம் சேர்ந்து இந்தியக் கரையில் விழுந்தோம்.

கண்ணைத் திறந்தேன். மேலே சுங்கத் தொப்பி.

"பாஸ் இருக்கா?"

வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினேன். "வலையில வந்தேங்க."

"அதான் கேக்குறேன். வலையில வந்தா சரக்கா, ஆளா?" கேட்டவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரு காலைத் தண்ணியில வச்சுக்கய்யா. அப்பத்தான் நீ இன்னும் வரல."

ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தேன். குடை தரையில் உருண்டுகொண்டிருந்தது. முசியே பூட்சோடு, சட்டையோடு, மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தம்புசாமி! நீங்க உயிரோட இருக்கீங்களா?"

'நீங்க' என்றதும் எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "இருக்கேன் முசியே!" என்றேன். மெதுவாகக் கரையேறினார். குடையை எடுத்தார். மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். தண்ணீர் சொட்டச் சொட்டச் சாப்பிட்டார்.

புதுத் தெப்பம் கட்டினோம். மறுபடி ஏறினேன். கும்பிடு போடவில்லை. கடல் இறக்கம் முடிவதற்குள் முகத்துவாரத்துக்கு வந்தோம். அங்கே வலையை ஒரு பக்கம் திறந்துவிட, மொத்தக் கூட்டமும் பச்சைப் பாயாகக் கடலுக்குள் போயிற்று. உப்புத் தண்ணீரில் வெங்காயத்தாமரை பிழைக்காது. சில நாளில் வாடின கீரைக்கட்டு மாதிரிக் கரையில் ஒதுங்கியது.

நாங்கள் திரும்பி நடந்து வரும்போதே வடிகால் சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயல் வாய்களிலிருந்து தண்ணீர் குதித்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பயிரின் நுனிகள் தண்ணீருக்கு மேலே சேறு பூசிக்கொண்டு, ஈரக்கோழி மாதிரி நின்றன. நான் எதிரில் போய் நின்றேன், சொல்லட்டும் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. பயிரையே பார்த்தாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

தையில் அறுத்தாள். நிலம் அவளிடமே இருந்தது.

இந்தக் கதையில் என் மனசு ஆறாத இடம் இதற்கப்புறம்தான். மறுநாள் முசியே பிரெஞ்சில் அறிக்கை எழுதினார். எனக்காக அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"மழை நின்ற பிறகு வடிகாலில் தண்ணீர் இயல்பாக இறங்கியது."

"இயல்பாவா முசியே?"

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். பார்க்காததை எப்படி எழுதுவேன்?"

"ஒரு தடவை திரும்பினீங்களே. தண்ணியில இறங்கினீங்களே!"

"குடை காத்துல பறந்தது. அதை எடுக்க இறங்கினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளதை எழுதினா என் வேலை போகும், உம் வேலை போகும், அந்த மீன்காரருடைய வலை போகும், அந்தச் சிப்பாய் ஜெயிலுக்குப் போவார். யாரை அனுப்பட்டும், சொல்லும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அந்த அறிக்கை எப்படியோ நிலக்காரர் காதுக்கு வந்தது, அவரிடமிருந்து அக்காவுக்கு வந்தது. அன்று பிடித்தவள், இன்றுவரை விடவில்லை. என்னைக் கண்டால் போதும், "மழை விட்டுச்சு, தண்ணி வடிஞ்சுது. சர்க்காரே எழுதியிருக்கு. நீ குறுக்க விழுந்து குளிச்சே, அவ்வளவுதான்" என்பாள். கல்யாண வீட்டில் சொன்னாள். என் பணி ஓய்வு விழாவில், மாலையோடு நான் உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்துச் சொன்னாள். அந்த நிலத்து நெல்லில் ஒவ்வொரு தைக்கும் எனக்கு ஒரு மரக்கால் அனுப்புகிறாள். ஏன் அனுப்புகிறாய் என்று கேட்டால், நெல்லு ஜாஸ்தியாயிடுச்சு என்கிறாள்.

ஆகவே மலர்க் குழுவினருக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது, சுங்கக் கொட்டகையும் போய்விட்டது. உள்ளதைப் போட்டால் இனி யாருக்கும் வேலை போகாது. வலை பக்கிரி அண்ணனுடையது, போடுங்கள். வடக்குக்கரைக் கயிறு காத்தமுத்துவுடையது, போடுங்கள். என் உயிரை இழுத்தது ஒரு சுங்கச் சிப்பாய், பேர் தெரியாது, தொப்பி என்று போடுங்கள். பட்டினி கிடக்காமல் எங்களுக்கு உதவி செய்த ஒரே அதிகாரி முசியே லூயி, அதைப் போடுங்கள். இரண்டு கரை என்று பார்க்காதே என்று சொன்னது அக்கா. அதையும் போடுங்கள், எனக்குக் கடுப்பாக இருந்தாலும்.

வலை போட யோசித்தது, வாழைமரம் கட்டியது, நடுத்தண்ணீரில் நின்றது, முங்கியது, மறுபடி ஏறியது தம்புசாமி. இதைத் தனி வரியில், பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. சின்ன எழுத்தில் போட்டால் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவாள்.